காற்றுக்கு ஒரு நீர்க்கட்டி

ஆடிப்பூரத்தன்று காலையிலேயே சித்தி டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் தூரமில்லை. மற்ற வருடங்களில் விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவார். இந்த வருடம் முழங்கால் விடவில்லை. அதனால் ஆண்டாள் தேரோட்டம் யூடியூப் நேரலையில். வடம் பிடித்தாகிவிட்டது, தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்கிறது, சரியாக அந்த இடத்தில் படம் உறைந்தது. நடுவில் வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"தேர் நின்னுபோச்சு, இந்த வட்டம்தான் நிக்காம சுத்துது" என்றார் சித்தி.

"நெட் ஸ்லோ. கேபிள்காரர்கிட்ட சொல்லிப் பெரிய பிளானுக்கு மாத்தணும்" என்றார் சித்தப்பா. ஊரெல்லாம் சொல்லும் தீர்ப்பு இது. பல வீடுகளில் இது தவறான தீர்ப்பு.

அந்த வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு நொடிக்கு 50 மெகாபிட். முழு எச்டி படம் ஓட நொடிக்கு 5 மெகாபிட் போதும். 4கே படமாக இருந்தால்கூட 15 முதல் 25 வரைதான். வருவது 50, வேண்டியது 5, பிறகும் வட்டம் சுற்றுகிறது என்றால் கோளாறு அளவில் இல்லை. என் லேப்டாப்பை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, லேன் ஒயரில் நேராகச் செருகி, அதே நேரலையை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பல நூறு கிலோமீட்டர் கண்ணாடி இழையில் பத்திரமாக வந்த தேர், மோடத்திலிருந்து டி.வி. வரைக்குமான கடைசி முப்பது அடியில்தான் சிக்கிக்கொண்டிருந்தது. அந்த முப்பது அடி, வைஃபை.

தொட்டியும் குடமும்

நம் ஊர்களில் குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வரும் நேரத்தில் மாடித் தொட்டியில் ஏற்றி வைத்துக்கொள்கிறோம். தெருக்குழாயில் நின்று நின்று வந்தாலும் அடுப்படிக் குழாயில் சீராக விழுகிறது. வீடியோவும் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. படம் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. டி.வி. அவற்றை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, கையிருப்பிலிருந்து காட்டுகிறது. அந்தக் கையிருப்புக்குப் பெயர் பஃபர். தொட்டி வற்றினால் வட்டம் சுற்றும்.

பழைய சினிமா பார்க்கும்போது தொட்டி பெரியது. முழுப் படமும் எங்கோ ஒரு கணினியில் தயாராக இருப்பதால் அரை நிமிடம், ஒரு நிமிடம் முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். இடையில் பத்து நொடி தொடர்பு அறுந்தாலும் தெரியாது. நேரலையில் அது முடியாது. இன்னும் நகராத தேரை எப்படி முன்கூட்டியே சேமிப்பது? அங்கே தொட்டி ஒரு குடமாகச் சுருங்கிவிடுகிறது. வீடியோ காலில் குடமும் இல்லை, உள்ளங்கையில் ஏந்திக் குடிக்கிற கதை. அங்கே தவறிய துண்டை மறுபடி கேட்டு வாங்க நேரமில்லாததால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. இரவில் சினிமா ஒழுங்காக ஓடுகிற வீட்டில் கிரிக்கெட்டும் தேரோட்டமும் ஏன் தடுக்குகின்றன என்பதற்கு இதுதான் விடை.

வேகம் பார்க்கும் செயலிகள் காட்டுவது சராசரியை. மூன்று நொடி ஒன்றும் வராமல், நான்காம் நொடியில் வெள்ளமாக வந்தாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். குடத்தில் தண்ணீர் பிடிப்பவருக்கு அந்த மூன்று நொடிதான் கணக்கு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வைஃபையில் அந்த இடைவெளிகள் எங்கிருந்து வருகின்றன என்பது.

எல்லாருக்கும் ஒரே காற்று

ஒயர் தனிச் சொத்து. அதில் ஓடுவது அந்த இரண்டு முனைகளுக்கு மட்டுமே சொந்தம். காற்று பொதுச் சொத்து. மோடம், டி.வி., நாலு செல்போன், பக்கத்து வீட்டு மோடம், அவர்கள் செல்போன் என எல்லாம் ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் இரண்டும் கெட்டுவிடும். தான் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் பேசுவது வைஃபை வானொலிக்குக் கேட்காது. தன் சத்தமே காதை அடைத்துவிடும். மோதல் நடந்தது அதற்குத் தெரியவே வராது.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்களில் ஒருவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ராம்சன். தீவுகளுக்கு இடையே கணினிகளை வானொலியில் இணைக்க 1971-இல் அவர் குழு ஓடவிட்ட 'அலோஹா' வலையில் விதி மிக எளிது: தோன்றும்போது பேசு, 'வந்தது' என்று பதில் வராவிட்டால், கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல். குழாயடி நியாயம். கூட்டம் சேர்ந்தால் இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படாது என்பது கணக்கிலேயே தெரிந்துவிட்டது.

1997-இல் வந்த 802.11 தரம், அதாவது வைஃபை, அதற்குக் கொஞ்சம் மரியாதை கற்றுக்கொடுத்தது. பேசும் முன் காதுகொடுத்துக் கேள். அமைதியாக இருந்தால், மனதுக்குள் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எடுத்து, அது பூஜ்யமாகும்வரை எண்ணு. பிறகு பேசு. இன்றைய கருவிகளில் ஓர் எண்ணுக்கு 9 மைக்ரோநொடி. முதல் முயற்சியில் 0 முதல் 15-க்குள் ஓர் எண். பேசியதற்கு ரசீது வரவில்லையா? மோதிவிட்டது என்று கொள். அடுத்த முறை 0 முதல் 31-க்குள் எடு, பிறகு 63, இப்படி 1023 வரை. கூட்டம் கூடக்கூட ஒவ்வொருவரும் பின்வாங்கிப் பின்வாங்கிக் காத்திருப்பார்கள். நேரம் பேச்சில் போவதைவிடக் காத்திருப்பில் அதிகம் போகும்.

சித்தப்பாவுக்குக் கண்மாய்ப் பாசன நிலம் உண்டு. அவரிடம் இப்படிச் சொன்னேன்: கண்மாய் நிறைந்து கிடக்கும்போது யார் மடையைத் திறந்தாலும் பிரச்சினை இல்லை. தண்ணீர் இறங்கியதும் முறை வைக்கிறீர்கள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று நீர்க்கட்டி தீர்மானிக்கிறார். வைஃபையில் நீர்க்கட்டி இல்லை. எல்லாரும் ஓடையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். யாரும் பாய்ச்சவில்லை என்று தெரிந்தால் வெட்டிவிடுகிறார்கள்.

"அப்ப இதுக்கும் ஒரு நீர்க்கட்டி வேணும்னு சொல்லு" என்றார் சித்தப்பா.

அதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் இன்னொரு குற்றவாளியைப் பார்த்துவிடலாம். சித்தியின் மகன் மொட்டை மாடியில் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே சிக்னல் ஒரே கோடு. சிக்னல் தேயும்போது வைஃபை மெதுவாக, தெளிவாகப் பேசத் தொடங்கும். காது மந்தமானவரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவதுபோல. நொடிக்கு 54 மெகாபிட்டில் போகிற அதே தகவல் பொட்டலம் 6 மெகாபிட்டில் போனால் ஒன்பது மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். வைஃபை எல்லாருக்கும் சம வாய்ப்புத் தருகிறது, சம நேரம் தருவதில்லை. ஒற்றை வழிப் பாலத்தில் கார் ஒன்று, மாட்டுவண்டி ஒன்று என்று மாற்றி மாற்றி விட்டால் கார்களும் வண்டி வேகத்தில்தான் போகும். மாடியில் இருந்த ஒரு செல்போன் கீழே தேரை நிறுத்திக்கொண்டிருந்தது.

பதின்மூன்று வழி, மூன்று பாதை

இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் விதி வந்தது. அதற்குள் 13 சேனல்கள் உண்டு. ஆனால் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு மோடமும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. உரசாமல் போக இடம் மூன்றுக்குத்தான்: 1, 6, 11. பக்கத்து வீட்டார் 1-இல் இருக்கிறார் என்று நாம் 3-க்குப் போனால் நிலைமை மோசமாகும். ஒரே சேனலில் இருந்தால் அவர் பேச்சு நமக்குப் புரியும், முறை விட்டுக் காத்திருக்கலாம். பாதி உரசினால் அது வெறும் இரைச்சல். மரியாதைக்கே வழியில்லை.

இதே அலைவரிசையில்தான் புளூடூத்தும் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. டிரான்ஸ்பார்மர் வைத்த சாதாரண அடுப்பு, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் பாதிச் சுற்றில் மட்டும் அலை வீசும். பத்து மில்லிநொடி இரைச்சல், பத்து மில்லிநொடி அமைதி. அடுப்பில் பால் சூடாகும் இரண்டு நிமிடத்தில் மட்டும் படம் தடுக்கினால் காரணம் தேட வேண்டியதில்லை.

5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018-இல் வந்த புதிய விதி அங்கே உரிமம் வேண்டாத பரப்பை இன்னும் அகலமாக்கியது. ஆனால் அந்த அலைக்குச் சுவர் பிடிக்காது. 2.4-ஐவிட விரைவில் களைத்துவிடும். எந்த அலையானாலும் தூரம் இரண்டு மடங்கானால் திறன் நான்கில் ஒன்றாகும். அது வெறும் வெளியில். நடுவில் கம்பி போட்ட கான்கிரீட், தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி, ரசம் பூசிய பெரிய கண்ணாடி, இரும்பு பீரோ எல்லாம் தனி வரி வசூலிக்கும்.

சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளால் இன்னொரு தொல்லை உண்டு. பெரிய மண்டபத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் எதிரொலி சொல்லோடு சொல்லைக் கலக்கிவிடும். அலைகளுக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் என்ற வானொலி வானியலாளரின் குழு இதற்கு 1990-களின் தொடக்கத்தில் ஒரு வழியைக் காப்புரிமை செய்தது. வைஃபையிலும் அந்த வழிதான்: ஒருவர் வேகமாகப் பேசுவதற்குப் பதில், பலர் வெவ்வேறு சுருதியில் மெதுவாகப் பேசுவது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் 0.8 மைக்ரோநொடி இடைவெளி. அந்த நேரத்தில் அலை 240 மீட்டர் போய்விடும். வீட்டுக்குள் எழும் எதிரொலி எல்லாம் அந்த இடைவெளியிலேயே அடங்கிவிடும். எதிரொலியை வைஃபை எப்போதோ வென்றுவிட்டது. முறையைத்தான் இன்னும் வெல்லவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

சித்தி வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலைத்தொடர் தெரியும். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் அதில்தான் இருக்கிறது. அந்த மலைகளை வடமேற்காகத் தாண்டினால் தேனி மாவட்டம். தடுக்குகிற வீடியோவை உலகமே திரும்பிப் பார்க்கும்படி சரிசெய்த கதை அங்கே நடந்தது.

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை உண்டு. கிராமத்து மனிதர் கண் காட்ட ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. ஊருக்குள்ளேயே சிறு பார்வை மையம் வைத்து, பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்ததும், தேனியில் உள்ள டாக்டர் நோயாளியோடு வீடியோவில் பேசினால்? யோசனை நல்லது. தொலைபேசிக் கம்பி அந்தப் பாரத்தைத் தாங்காது. ஃபைபர் அன்று ஊருக்கு வரவில்லை.

2000-களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவரின் குழு வந்தது. வீட்டில் பயன்படும் அதே மலிவான வைஃபை அட்டைகளை எடுத்து, ஒரே திசையில் வீசும் ஆன்டெனாக்களைக் கோபுரங்களில் ஏற்றி, பல கிலோமீட்டர் தாண்டி இணைத்தார்கள். வீட்டு வைஃபையின் பழக்கங்கள் அங்கே உதவவில்லை.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும். வீட்டுக்குள் 15 மீட்டர் போக ஒரு மைக்ரோநொடியில் இருபதில் ஒரு பங்கு. பத்து கிலோமீட்டர் என்றால் போக 33, ரசீது திரும்பிவர 33. வீட்டுக்காகச் செய்த அட்டைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ரசீது வழியில் வந்துகொண்டிருக்கும்போதே 'போய்ச் சேரவில்லை' என்று முடிவுகட்டி அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். காதுகொடுத்துக் கேட்கும் மரியாதையும் பலிக்காது. அந்த முனையில் இப்போது பேச ஆரம்பித்தால் இந்த முனைக்கு 33 மைக்ரோநொடி கழித்துத்தான் கேட்கும். அதற்குள் இவரும் பேசத் தொடங்கியிருப்பார்.

அவர்கள் வேகமான அட்டைகளை வாங்கவில்லை. இருந்த அட்டையின் பழக்கத்தை மென்பொருளால் மாற்றினார்கள். கேட்டுவிட்டுப் பேசும் விதியை எடுத்துவிட்டு, நேரத்தைத் துண்டு போட்டார்கள்: இந்தத் துண்டு உனக்கு, அடுத்தது எனக்கு. பொட்டலத்துக்கு ஒரு ரசீது என்பதை மாற்றி, ஒரு முறைக்கு மொத்தமாக ஒரே ரசீது. வழியில் சில பொட்டலம் தொலைந்தாலும் மீட்டுக்கொள்ளக் கொஞ்சம் உபரித் தகவல். சித்தப்பா கேட்ட நீர்க்கட்டி இவர்தான். 2007-இல் 'வைல்ட்நெட்' என்ற பெயரில் வெளியான அந்த ஆய்வின்படி, வழக்கமான வைஃபையால் முடிந்த அதிகபட்சத்தைவிட 2 முதல் 5 மடங்கு அதிகத் தகவல் போனது, இழப்பும் வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டு வெனிசுவேலாவில் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பை எட்டியபோதும் இந்த முறைதான் கைகொடுத்தது.

அடுத்த ஆண்டு அதே குழு எழுதிய அனுபவக் கட்டுரை இன்னும் சுவையானது. வலையை ஓடவைத்த பிறகு அவர்களை அதிகம் அலைக்கழித்தது அலை அல்ல, மின்சாரம். ஏறி இறங்கும் வோல்டேஜ் கருவிகளைக் கெடுத்தது, பாதி வழியில் தொங்கவிட்டது. தானாக எழுந்துகொள்ளும் ஏற்பாடும், வோல்டேஜைச் சீராக்கும் கருவியும், உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சியும் தந்த பிறகுதான் வலை நிலைத்தது.

வீட்டுக்கு வீடு

தேனிக் கதையிலிருந்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டியது ஒன்றுதான்: அளவைக் கூட்டும் முன் முறையைச் சரிசெய்யுங்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். லேப்டாப்பை ஒயரில் செருகிப் பாருங்கள். அதிலும் தடுக்கினால் கேபிள்காரரைக் கூப்பிடுவது நியாயம். ஒயரில் ஓடி வைஃபையில் தடுக்கினால், லேப்டாப்பிலிருந்து மோடத்துக்கே 'பிங்', அதாவது பதில் கேட்கும் சிறு செய்தி, அனுப்பிப் பாருங்கள். 192.168.1.1 என்பது பல மோடங்களின் முகவரி. பதில் எப்போதும் இரண்டு மூன்று மில்லிநொடியில் வந்தால் காற்று சுத்தம். திடீரென்று 200, 400 என்று தாவினால் நெரிசல். மோடத்திலிருந்து வரும் பதில் சீராக இருந்து, வெளியுலகத்திலிருந்து வரும் பதில் மட்டும் தாவினால், யாரோ வீட்டிலிருந்து கல்யாண போட்டோ முழுவதையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கலாம். மோடத்தின் வாசலில் வரிசை நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

பிறகு இடம். ஃபைபர் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது என்பதற்காக மோடம் ஜன்னலோரமே கிடக்க வேண்டியதில்லை. சித்தி வீட்டில் அது முன்னறை மூலையில், பீரோவுக்குப் பின்னால், தரையோடு இருந்தது. வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், இரும்பும் தண்ணீரும் மறைக்காத இடத்தில் வைப்பதே பாதி வைத்தியம். டி.வி. மோடத்தின் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் அதை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். 2.4-ஐச் செல்போன்களுக்கு விடலாம். சேனலை 1, 6, 11-இல் கூட்டம் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். அகலத்தை 20-லேயே வையுங்கள்.

சிக்னலை நீட்டிக்கக் கடையில் விற்கும் ரிப்பீட்டரை வாங்கும் முன் யோசியுங்கள். அது கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கருவி. ஒரே சேனலில் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு தடவை போகும். கோடு முழுதாகத் தெரியும், கிடைக்கும் நேரம் பாதியாகும். இரண்டாவது மோடம் வைப்பதானால் அதுவரை ஒயர் இழுத்து வைப்பதே நல்லது. சந்தைக்கு 2019 வாக்கில் வந்த வைஃபை 6-இல், யாருக்கு எப்போது எவ்வளவு என்று மோடமே பங்கு பிரிக்கும் வசதி இருக்கிறது. நீர்க்கட்டி ஒருவழியாக வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார். ஆனால் டி.வி.யும் செல்போனும் அந்த மொழி பேச வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பழைய மருந்து ஒன்று உண்டு. நகராத பொருளுக்குக் காற்று எதற்கு? டி.வி. ஒரே இடத்தில் நிற்கிறது. அதற்கு ஒயர் கொடுத்துவிட்டால் வீட்டிலேயே அதிகம் விழுங்கும் ஆள் வரிசையிலிருந்து விலகிவிடுவார். மிச்சமுள்ளவர்களுக்கு முறை சீக்கிரம் வரும். சாதாரண லேன் ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும்.

ராஜபாளையம் போய்ப் பதினைந்து மீட்டர் ஒயர் வாங்கிவந்தேன். மோடத்தைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து விடுவித்து நடு அறை அலமாரியின் மேல் ஏற்றினோம். தேனிப் பாடத்தை நினைத்து, இன்வெர்ட்டர் லைனிலேயே அதற்கும் ஒரு பிளக் கொடுத்தோம். சித்தப்பா ஆணி அடிக்க, ஒயர் சுவரோரமாக டி.வி. வரை போனது. மாடியில் பையன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை வட்டம் தலைகாட்டவில்லை.

சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். சுவரை ஒரு பார்வை பார்த்தார். போன தீபாவளிக்குத்தான் வெள்ளையடித்த சுவர்.

"ஒயர் இல்லாத நெட்டுன்னுதான அன்னைக்குக் காசு வாங்கினாக?" என்றார்.